மெதுவாகக் கதைத்த வில்லன்

தொலைபேசி அடித்தபோது நான் குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதிள். விரல் நுனியைச் சேலையில் துடைத்து ஸ்பீக்கரை அழுத்தினேன். கிண்ணியாவிலிருந்து நசீர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார், எங்கள் நாடகக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான்.

“ரீச்சர், தாசன் அண்ணன் மௌத்தாகிட்டார்.”

“ஓம்,” என்றேன்.

“காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவராம். அப்படியே போயிட்டாராம். கேக்குதா ரீச்சர்?”

“கேக்குது. அங்க மழையா?”

நசீர், “இல்ல ரீச்சர், வெயில்தான்” என்றார். நான் மீதி மீனையும் வெட்டி, கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி மூடி வைத்துவிட்டுத்தான் சேலை மாற்றப் போனேன். ஏன் மழையைப் பற்றிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தேன், அடக்கத்துக்கும் போய் வந்தேன், இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் தெரியாது. அப்படித்தான் இருக்கிறது.

சூசைதாசனுக்கு ஊர்க்காரர்கள் நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். “நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ ரீச்சர்” என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை நாலு என்னிடம் இருக்கிறது. வேறு வார்த்தையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன். விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

தாசன் அண்ணை உப்புவெளிக்காரர். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வான் ஓடினார். நான் எழுதிய நாடகங்களில் எல்லாம் கெட்டவனாக நடித்தார். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கடைசிக் காலத்தில் அவருடைய பெயரில் ஒரு கறை ஒட்டியிருந்ததும் தெரியும். அந்தக் கறை எங்கிருந்து வந்தது, அதை அவர் ஏன் துடைக்காமல் விட்டார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் என்னால் இதை முடிக்க ஏலாது.

நாங்கள் அறிமுகமானதே ஒரு வாக்குவாதத்தில். துறைமுகப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மீனவனின் தோணியைப் பறிக்கும் முதலாளியாக நடிக்க இருந்தவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில். மேடைப் பலகைகளை வானில் ஏற்றிக்கொண்டு வந்தவர் தாசன் அண்ணை. “ஆள் இல்லையெண்டா நான் நிக்கிறன்” என்றார். பார்த்தேன். கட்டை ஆள், கொஞ்சம் தொந்தி, மருந்துக்கடைக்காரர் மாதிரி மெதுவான குரல். இவரைப் பார்த்தால் கோழிக்குஞ்சுகூடப் பயப்படாது என்றுதான் நினைத்தேன். வேறு வழியில்லாமல் பிரதியைக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரீச்சர், இந்த இடத்தில இவர் ஏன் சிரிக்கிறார்?”

“வில்லன் எண்டா சிரிப்பான்தானே.”

“இதில ஒரு பகிடியும் இல்லையே. ஒருத்தன்ர தோணியைப் பறிக்கிறதில என்ன சிரிப்பு? அது இவருக்கு அண்டாடம் செய்யிற வேலை. நான் சிரிச்சுக்கொண்டா வான் ஓடுறன்?”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நாடகம் எழுதுவது நானா நீங்களா என்று கேட்டேன். “நீங்கள்தான் ரீச்சர்” என்றார், அவ்வளவு மரியாதையாக. ஆனால் மேடையேறிய அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தோணியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே மீனவனிடம், “மகளுக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டன், இப்ப எப்பிடி? கஞ்சி குடிக்கிறாவா?” என்று கேட்டார். நான் எழுதாத வசனம். உண்மையான அக்கறையோடு கேட்டார். கேட்டபடியே தோணியைக் கொண்டு போனார். மண்டபத்துக்கு வெளியே, ஊருக்குள் திரிகிற மான்கள் குப்பையைக் கிளறுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது. நாடகம் முடிந்தபிறகும் அந்த முதலாளியைப் பற்றித்தான் எல்லாரும் கதைத்தார்கள். மீனவனாக நடித்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு நான் பாத்திரம் எழுதினால் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வரும். “இவர் காலமை எழும்பி என்ன செய்வார் ரீச்சர்?” தேத்தண்ணி யார் ஊற்றிக் கொடுப்பார்கள், சீனி போட்டா போடாமலா, அம்மாவோடு கோபமா, ஒன்றையும் விட மாட்டார். “கெட்டவன் எண்டு எழுதினாக் காணாது. தான் செய்யிறது சரியெண்டு அவன் நினைக்கோணும். தன்னைக் கெட்டவன் எண்டு நினைச்சுக்கொண்டு ஆராவது சோறு தின்னுவினமா?” என்பார். கதாநாயகர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. “அவை சும்மா நிப்பினம். நான் ஏதாவது செய்தாத்தான் அவைக்கு வேலை வரும். நான் படுத்துக் கிடந்தா உங்கட கதையும் படுத்துக் கிடக்கும்.”

இந்தப் பேச்சை அவர் ஒருமுறை நிரூபித்தும் காட்டிவிட்டார். புல்மோட்டையில் நாடகம். கதாநாயகனுக்குப் பஸ் தவறிவிட்டது. சனம் வந்து நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்தாயிற்று. நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். “நாயகன் இல்லாமப் போடலாம் ரீச்சர், நான் இல்லாட்டித்தான் ஏலாது” என்றார். அட, என்ன திமிர் என்று நினைத்தேன். கடைசியில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்தபடி நசீர் நாயகனின் வசனங்களை வாசித்தார். தாசன் அண்ணை வெறும் இடத்தைப் பார்த்து மிரட்டினார், கெஞ்சினார், தோளில் கை போட்டார். நாடகம் முடிந்து வந்த ஒருவர், “அந்த நல்லவனா நடிச்ச தம்பி எங்க? வடிவாச் செய்தார்” என்று கேட்டார். அல்லாவே என்று நசீர் ஆர்மோனியத்தில் தலையைச் சாய்த்துவிட்டார்.

முகம் கழுவும் வழக்கம் எங்கள் குழுவுக்கு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. திரியாயில் ஒரு நாடகம் போட்டோம். முடிந்ததும் ஊர்க்காரர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். பரிமாறிய பெண் வரிசையாக எல்லார் தட்டிலும் போட்டுக்கொண்டு வந்து, தாசன் அண்ணையின் தட்டைத் தாண்டிப் போய்விட்டா. நான் கூப்பிட்டுக் கேட்டேன். “இவனுக்கு என்ர கையால போட மாட்டன். அந்தப் பிள்ளையின்ர காணியை எழுதி வாங்கினவன்தானே இவன்” என்றா. சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் பேசாமல் எழும்பினார். எல்லாரும் பார்க்கக் கிணற்றடிக்குப் போய், பூசியிருந்த கறுப்பையும் சிவப்பையும் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். “தங்கச்சி, நான் சூசைதாசன். உப்புவெளியில பள்ளிக்கூட வான் ஓடுறனான். சரியாப் பசிக்குது” என்றார். அந்தப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது. அவருடைய தட்டில் விழுந்த மீன் துண்டுகளைப் பார்த்து நசீருக்குப் பொறாமை.

அன்றிலிருந்து எங்கள் நாடகம் எது முடிந்தாலும் ஒரு தண்ணீர்ப் பேசினும் துடைக்கத் துவாயும் மேடைக்கு வரும். வில்லன் மேடையின் விளிம்பில் குந்தியிருந்து, சனத்தின் முன்னால் முகத்தைக் கழுவுவார். முன்வரிசைப் பிள்ளைகள் வந்து போட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். துடைத்துவிட்டு எழும்பித் தன் பெயரைச் சொல்வார், வேலையைச் சொல்வார், கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் கைதட்டு. மற்ற ஊர்க் குழுக்கள் எங்களைப் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். எங்கள் ஆளை ஒருவரும் பட்டினி போடவில்லை.

இனி அந்தக் கடைசி நாடகம்.

நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கேட்டார்கள். பள்ளிக்கூட வாசல்களில் நின்று, இனிப்பு என்று சொல்லிப் போதைப்பொருள் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள், அதைப் பற்றி ஒரு நாடகம் வேண்டும் என்றார்கள். எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, கன்னத்தில் வெட்டுக்காயம், வாயில் பீடி, கரகரத்த குரல். தாசன் அண்ணை வாசித்துவிட்டுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டார்.

“ரீச்சர், இப்பிடி ஒருத்தன் இனிப்புத் தந்தா நீங்கள் வாங்குவீங்களா?”

“எனக்கென்ன விசரா?”

“பிள்ளையளுக்கும் விசரில்லையே. பிறகு அதுகள் ஆரிட்ட வாங்குதுகள்?”

பதிலையும் அவரே சொன்னார்.

“நல்ல ஆளிட்டத்தான் வாங்குதுகள். பேர் தெரிஞ்ச ஆளிட்ட. சாப்பிட்டாச்சா செல்லம் எண்டு கேக்கிற ஆளிட்ட. நீங்கள் கறுப்புக் கண்ணாடியைக் காட்டினா, பிள்ளையள் கறுப்புக் கண்ணாடியைப் பாத்து ஓடப் பழகுவினம். மற்றவன் சிரிச்சுக்கொண்டு வந்து கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிடுவான்.”

அந்தப் பாத்திரத்தை முழுக்க மாற்றி எழுதினேன். உண்மையில் எழுதியது குறைவு, அவர் சொல்லச் சொல்லக் குறித்தேன். வேஷம் வேண்டாம் என்றார். பூச்சும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். வான் ஓடும்போது போடுகிற நீலக்கட்டச் சேட்டு, அதே செருப்பு. “நானாத்தான் போகோணும்” என்றார்.

மண்டபத்தின் முன்வரிசையில் அவருடைய வானில் வரும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் மேடைக்கு வந்ததும், “ஏய், எங்கட தாசன் மாமா!” என்று கத்திச் சிரித்தார்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக நடித்த சிறுமியிடம் குனிந்தார்.

“சாப்பிட்டாச்சா செல்லம்? முகம் வாடிக்கிடக்கு. இந்தா, இதை வாயில போட்டுக்கொண்டு போங்கோ. அம்மாட்டச் சொல்லாதேங்கோ என்ன, பல்லுக் கெட்டுப்போகும் எண்டு ஏசுவா.”

தினமும் காலையில் வானில் அந்தப் பிள்ளைகள் கேட்கும் அதே குரல். மாற்றமே இல்லை. கொஞ்ச நேரம் சிரிப்பு இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு இல்லை. கடைசிக் காட்சியில் அந்தச் சிறுமி நடுங்கிக்கொண்டு அவரிடம் வந்து கேட்கிறாள். அவர் அவளுடைய தலையைத் தடவி, “இண்டைக்கு இல்லைச் செல்லம். நாளைக்கு வாங்கோ, அம்மான்ர காதுத் தோட்டையும் கொண்டு வாங்கோ” என்கிறார். குரல் அப்போதும் அப்படியே. முன்வரிசையில் ஒரு பிள்ளை வாய்விட்டு அழத் தொடங்கியது. எத்தனையோ வில்லன்களை எழுதியிருக்கிறேன். எனக்கே அன்றைக்குத்தான் ஒரு வில்லனைப் பார்த்துப் பயம் வந்தது.

நசீர் வழமைபோல் பேசினையும் துவாயையும் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வைத்திருந்தார். முகத்தில் பூச்சு இல்லையே, கழுவ என்ன இருக்கிறது? யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை, மூன்று பேருக்கும் அதுதான் நினைப்பு. அதிபர் நன்றியுரை சொன்னார், மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையாகப் போய்விட்டார்கள். பேசின் ஈரம்படாமல் வானுக்குள் திரும்பி ஏறியது. எங்களைப் போல வேஷம் கழுவிப் பழகிய ஆட்களால்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும். பூச்சில்லாத அந்த முகத்தைத்தான் நூறு தரம் கழுவியிருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை வான் முதல் வீட்டில் போய் நின்றது. ஆரணி என்ற பிள்ளை, எப்போதும் மற்றப் பிள்ளைகளோடு அடிபட்டு முன் சீற்றைப் பிடிப்பவள், கேற்றைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அலறினாள். “காய்ச்சல் போல அண்ணை” என்றா தாய். அடுத்த வீட்டிலும் காய்ச்சல். அதற்கடுத்த வீட்டில் தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய்விட்டாராம். அந்தக் கிழமை முடிவதற்குள் வானில் பாதி இல்லை. அந்த மாதம் முடிய ஒருவரும் இல்லை. அதோடு கதை ஒன்றும் கிளம்பியது. “இவ்வளவு அச்சொட்டா நடிக்கிறதெண்டா அனுபவம் இல்லாமலா?” சந்தையில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன். ஒரு தகப்பன் பொலிஸிலேயே போய் விசாரித்தாராம். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகும் அவர் பிள்ளையை வானில் ஏற்றவில்லை.

நான் நேரே உப்புவெளிக்குப் போனேன். தாசன் அண்ணை வெறும் வானைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெளிக்கிடுங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் போவம்,” என்றேன். “பிள்ளையளைக் கூப்பிடச் சொல்லுவம். பேசினை வெச்சு முகத்தைக் கழுவுங்கோ. இது நடிப்பு, தாசன் மாமா நல்லவர் எண்டு நான் சொல்லுறன்.”

“வேண்டாம் ரீச்சர்.”

“ஏன் வேண்டாம்?”

“இந்த மாமா நல்லவர், இவரை நம்பலாம் எண்டு நீங்கள் மேடையில ஏறிச் சொல்லுவீங்கள். பிள்ளையள் நம்பும். நாளைக்கு இன்னொருத்தன், நானும் நல்ல மாமாதான் எண்டு வருவான். அவனையும் நம்பும். அதுகளுக்கு இப்பதான் ஒண்டு விளங்கியிருக்கு. அதைப் போய்க் கெடுக்காதேங்கோ.”

“அப்ப உங்கட பிழைப்பு? உங்கட பேர்?”

“பாப்பம்.” துணியைப் பிழிந்தார். பிறகு என்னைப் பார்த்து, “நல்லா நடிச்சிட்டன் என்ன, ரீச்சர்?” என்றார்.

விசர்க்கதை கதையாதேங்கோ என்று ஏசிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை. பிலோமினா அக்கா, அவருடைய மனைவி, குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. என்னை வழியனுப்பவும் வரவில்லை. அவவுக்கு எங்கள் இரண்டு பேரிலும் கோபம், நியாயமான கோபம்.

வானை விற்றார். மீன் லொறி ஓடினார். நாடகத்தையும் விட்டுவிட்டார். “இனி நான் ஏறினா சனம் நாடகம் பாக்காது ரீச்சர், என்னைத்தான் பாக்கும்” என்றார். கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மனிதர் மசியவில்லை.

அவரை ஒரு புனிதர் ஆக்கிவிடாதீர்கள். அவருக்கும் கோபம் வந்தது. ஒரு பின்னேரம் மீன் சந்தையடியில் லொறிக்குப் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். முன்பு வானில் பிள்ளையை அனுப்பிய ஒருவர் எங்களைக் கண்டதும் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனார். தாசன் அண்ணை லொறி ரயரை ஓங்கி உதைத்தார். “பிள்ளையள் பயந்தது எனக்குப் பெருமை ரீச்சர். தாய்தகப்பன் ஏன் பயந்தவை? என்னோட எத்தினை வருசம் தேத்தண்ணி குடிச்சவை? மழைக்கு அவையின்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில விட்டனான்.” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். மேடையில்கூட அப்படி உயர்ந்ததில்லை.

நானும் அதையேதான் கேட்கிறேன். நீங்கள் ஏன் பயந்தீர்கள்? பிள்ளைகளை விடுவோம், அவர்கள் நாடகம் பார்த்தார்கள், படித்தார்கள். நீங்கள் அந்த மனிதரைத் தினமும் பார்த்தவர்கள். போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு இலவசமாக ஆள் ஏற்றியவர். இன்றைக்கு மலர் போடுகிறோம், மாலை போடுகிறோம் என்று வருகிறீர்கள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்கூட எனக்குச் சரியாக வரவில்லை, எழுத வேண்டியதால் எழுதுகிறேன். சூசைதாசன் ஒரு பிழையும் செய்யவில்லை. இதைப் பெரியவர்கள் வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள், அது அவருக்குப் பிடிக்காது.

செத்த வீட்டில் பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். பாதிக் கதிரைகள் சும்மா கிடந்தன. நசீர் ஒரு மூலையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பெட்டிக்குள் தாசன் அண்ணை வெள்ளைச் சேட்டோடு கிடந்தார். பிலோமினா அக்கா தலைமாட்டில் இருந்தா. அழவில்லை. வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினா.

பின்னேரம் போல ஒரு பிள்ளை கேற்றடியில் வந்து நின்றாள். வளர்ந்திருந்தாள், முதலில் அடையாளம் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆரணி. கையில் பூ.

“உள்ள வாங்கோ பிள்ளை,” என்றேன்.

“ஏலாது ரீச்சர்.” கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மாமா ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்திட்டன். ஆனா உள்ளுக்கு வரப் பயமாக் கிடக்கு. இப்பவும் ஆராவது சாப்பிட்டாச்சா எண்டு அன்பாக் கேட்டா, நான் ரெண்டடி தள்ளித்தான் நிப்பன். என்னை ஏசாதேங்கோ.”

நான் வாய் திறப்பதற்குள் பிலோமினா அக்கா எழும்பி வந்துவிட்டா. நான் பயந்தேன், ஏசப் போகிறாவோ என்று. அவ அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தா.

“இப்ப என்ன செய்யிறீங்கள்?”

“கம்பஸில படிக்கிறன் அன்ரி.”

“தனியவா போறனீங்கள்?”

“ஓம்.”

“பஸ்ஸிலயா?”

“ஓம் அன்ரி.”

“நல்லது. உள்ள வராட்டிப் பரவாயில்லை. வெயில் படாமல் அந்த நிழலுக்க நில்லுங்கோ.” பூவை வாங்கிக்கொண்டா. தோளைத் தொடக் கையை உயர்த்தியவ, தொடாமல் இறக்கிக்கொண்டா. திரும்பிப் போய் அவருடைய கைகளுக்குள் பூவைச் செருகினா. குனிந்து, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில், நாங்கள் எல்லாரும் கேட்கத்தக்கதாகச் சொன்னா.

“இஞ்சேருங்கோ, உங்கட பிள்ளை ஒண்டு வந்து நிக்குது. பயந்துகொண்டுதான் நிக்குது. சந்தோசமா?”

அப்போதுதான் அவவுக்கு அழுகை வந்தது. நசீர் எழும்பி வெளியே போய்விட்டார். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல். இப்போது நான் எழுதும் கெட்டவர்கள் ஒருவரும் சிரிப்பதில்லை, கத்துவதில்லை. மெதுவாகக் கதைக்கிறார்கள், காய்ச்சல் விசாரிக்கிறார்கள், சாப்பிட்டாச்சா செல்லம் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு ஓட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் கிட்டப் போக வேண்டும் போல் இருக்கிறது.